கோலாலம்பூரில் சுற்றுலாப் பயணி வேஷம்

1

போன வருஷம் இதே வாரம் நாங்கள் மலேசியா போய் வந்தோம். அதற்குப் பிறகு மேட்டூர்ப் பக்கம் ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் "மலேசியா எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்கிறார். நான் "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிக்க ஆரம்பித்துவிடுகிறேன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் எனக்கு வார்த்தை வராது. எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை, எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் மைசூருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு கர்நாடக எல்லையில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி வந்தவன். தரைக்கு டைல்ஸ் ஒட்டுவது என் தொழில். என் மனைவி பூங்கொடி கொள்ளேகால்காரி. மகள் சிந்து மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள். ஆனால் கோபப்படுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் கன்னடத்தில்தான்.

நாங்கள் மலேசியா போனது ஊர் பார்க்க இல்லை. பூங்கொடிக்கு ஒரே ஒரு தங்கை, கோமதி. கிள்ளான் என்கிற ஊரிலிருந்து பெண் தேடி வந்த தூரத்துச் சொந்தத்தைக் கட்டிக்கொண்டு பதினெட்டு வருஷத்துக்கு முன் விமானம் ஏறியவள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. முதலில் அவள் பிள்ளை கைக்குழந்தை. பிறகு அவள் மாமியார் படுக்கையில் விழுந்தார். இந்தப் பக்கம் எங்களுக்கும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. முதலில் போனில் குரல் கேட்டார்கள், பிறகு போனிலேயே முகம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு சிந்து மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டு நீட்டினாள். பூங்கொடி அதை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய் கோமதிக்குப் போன் போட்டாள். "கைய நீட்டு பாப்போம்" என்று சொல்லி, போனில் தெரிந்த கைக்கு வளையல் அளவு பார்த்தாள்.

2

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இது புரியாது, வெளியே பிழைக்கப் போனவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மைசூரில் தமிழ் எங்களுக்கு ஜன்னல் திரை மாதிரி. கடைக்காரர் எதிரிலேயே நின்றுகொண்டு அவரைப் பற்றி ரகசியம் பேசுவதற்கு அதை இழுத்துவிட்டுக்கொள்வோம். ஒரு தடவை சேலைக்கடையில் ஒருவர் மளமளவென்று சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பூங்கொடி அவரைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"இதெல்லாம் போன தசராவுக்கு விக்காத சரக்கு. தலைவலிக்கிற மாதிரி மூஞ்சிய வைங்க, நடையக் கட்டலாம்."

நான் நெற்றியைப் பிடித்தேன். கடைக்காரர் சேலையை மடித்துக்கொண்டே, "மாத்திரை இருக்குது, தரட்டுங்களாண்ணா?" என்றார், நல்ல தமிழில்.

மைசூரில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். அது எங்களுக்கும் தெரியும். தெரிந்தும் பழக்கம் போகவில்லை. மேட்டூருக்குப் போனால் அப்படியே திருப்பிப்போட்டு, ரகசியத்தைக் கன்னடத்தில் பேசுவோம். அங்கேயும் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேருக்குக் கன்னடம் புரியும். இரண்டு பக்கமும் எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் பேசியே எங்கள் காலம் ஓடிவிட்டது.

3

டிக்கெட் வந்த செய்தி தெரிந்ததும், நான் டைல்ஸ் பசை வாங்கும் கடை முதலாளி நஞ்சுண்டப்பா என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் ஒரு தடவை துபாய் போய் வந்தவர். அதனால் உலகத்தில் உள்ள விமான நிலையம் அத்தனையும் அவருக்குத் தெரியும். அவர் கன்னடத்தில் சொன்ன புத்திமதியின் சாரம் இது: அங்கே சொந்தக்காரர் இருக்கிறார் என்று வாயைத் திறந்தால் போச்சு. அப்படியே தங்கி வேலை பார்க்க வந்தவன் என்று நினைப்பார்கள். அதுவும் என்னுடையது சிமெண்ட் கை, பார்த்தாலே தெரியும். அடுத்த விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே டூரிஸ்ட் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, டூரிஸ்ட் மாதிரி இருக்கவும் வேண்டும்.

சிந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்பா, அதெல்லாம் பரீ சுள்ளு. சொந்தக்காரங்கள பாக்கப் போறது தப்பே இல்ல."

"பொய்யோ நெசமோ," என்றாள் பூங்கொடி. "பதினெட்டு வருசம் பொறுத்தாச்சு. இத்தன தூரம் போயி, அவ வெளிய நிக்கையில என்னைய உள்ள இருந்தே திருப்பி அனுப்புனா நான் தாங்க மாட்டேன் சிந்து. டூரிஸ்ட்டுன்னே சொல்லிப்போடலாம்."

ஒத்திகை ஆரம்பமானது. சிந்து சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் அதிகாரியாக உட்கார்ந்தாள். டிவி ரிமோட்தான் முத்திரைக் கட்டை.

"பர்ப்பஸ் ஆஃப் விசிட்?"

"டூரிசம்," என்றாள் பூங்கொடி.

"வேர் ஆர் யூ ஸ்டேயிங்?"

"ஓட்டல்."

"ஹவ் மெனி டேஸ்?"

"பத்து நாளு. அதுக்கு மேல கோமதிக்கு லீவு இல்ல."

"அம்மா!"

மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் கோமதி எங்காவது ஓரிடத்தில் தலையை நீட்டிவிடுவாள். என்னுடைய முறை வந்தால் வேறு சிக்கல். நான் எல்லாப் பதிலையும் சரியாகத்தான் சொன்னேன், வெளியேதான் கேட்கவில்லை. "அப்பா, ஏனாதரு, எதாவது சொல்லுங்க, தரையப் பாக்காதீங்க!" என்று சிந்து ரிமோட்டால் மேஜையைத் தட்டுவாள்.

வேஷத்துக்கு எனக்கு ஒரு தொப்பியும், அன்னாசிப்பழம் அச்சடித்த சட்டையும் வாங்கினார்கள். பூங்கொடி பட்டுச்சேலைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடும் ஷூ மாட்டிக்கொண்டாள். நஞ்சுண்டப்பா நேரில் வந்து பார்வையிட்டு, இப்போது சரி என்று தலையாட்டினார்.

ஆனால் பெட்டிதான் டூரிஸ்ட் பெட்டியாக இல்லை. கோமதி கேட்டது ஒன்றே ஒன்று. நம் பக்கத்து ராகியை நம் மில்லில் அரைத்துக் களி கிண்டிச் சாப்பிட வேண்டுமாம். பூங்கொடி மாவை அரைத்து ஐந்து பொட்டலமாகக் கட்டி, உடையாமல் இருக்க ஒவ்வொன்றையும் ஒரு சேலைக்குள் சுருட்டி வைத்தாள். களி கிண்டும் கட்டை கை நீளம். அதைப் பெட்டிக்குள் குறுக்காகப் படுக்கவைத்தாள்.

4

விமானத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெங்களூரில் கண்ணை மூடினேன், கோலாலம்பூரில் திறந்தேன்.

இறங்கியதும் நான் பார்த்தது தரையைத்தான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி கோடு. ஒரு இடத்தில்கூட மேடு பள்ளம் இல்லை. ஒட்டியவன் கையைப் பிடித்துப் பார்க்கலாம் போல இருந்தது. குனிந்து நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, டூரிஸ்ட்டு தரையப் பாக்க மாட்டான். மேல பாருங்க," என்று பூங்கொடி இழுத்தாள். மேலே பார்த்துக்கொண்டே நடந்து ஒரு வெள்ளைக்காரர் பெட்டியில் மோதினேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தில் சிந்து பக்கத்து வரிசையில் போய்க் கண்மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வர விடமாட்டார்கள். அங்கே நின்றபடி எங்களுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எங்கள் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. சிந்துவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முகத்தை வைத்து எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பர்ப்பஸ்?"

"டூரிசம்," என்றாள் பூங்கொடி. அவ்வளவு சுத்தமாக வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஹோட்டல் நேம்?"

கேட்டால் சொல்வதற்கென்று தேடி வைத்த ஹோட்டல் பெயர் சிந்துவின் போனில் இருந்தது. அதாவது கோட்டுக்கு அந்தப் பக்கம். பூங்கொடி அதிகாரியைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். சிரிப்பு கலையாமல், சேலைக்கடையில் பேசுகிற அதே குரலில் என்னிடம் பேசினாள்.

"ஏனுங்க, ஓட்டல் பேரு மறந்துபோச்சு. எதாச்சும் ஒரு பேரச் சொல்லுங்க."

"எனக்கென்ன புள்ள தெரியும்?"

"கோமதி ஊட்டுக்குப் போறோம்னு மட்டும் வாயத் தொறந்துறாதீங்க. அப்பறம் அந்த மாவு. மாவுங்கற பேச்சே எடுக்கப்படாது. அஞ்சு பொட்டலத்தையும் சேலைக்குள்ள சுருட்டித்தான் வெச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது. இந்தப் புள்ளையப் பாத்தாலும் ஏமாந்த சோணகிரியாட்டத்தான் இருக்குது. சும்மா சிரிச்சிக்கிட்டே நில்லுங்க."

நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"என்னா மாவும்மா?" என்றாள், தமிழில்.

பூங்கொடி வாயடைத்து நின்றதை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க சொல்லுங்க. என்னா மாவு?"

மைசூரில் எந்த ஆபீசுக்குப் போனாலும், வெளியே வேப்பமரத்தடியில் நின்று கன்னட வாக்கியத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன். மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வழியிலேயே கொட்டிவிடும். மீதியைக் கேட்டுவிட்டு "ஏனப்பா?" என்பார்கள். முப்பது வருஷம் இப்படியே போயிற்று. ஊரை விட்டு வந்த பிறகு யூனிஃபார்ம் போட்ட ஒரு அதிகாரி என்னிடம் தமிழில் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. கட்டிக்கொண்டு போக வேண்டிய வாக்கியம் எதுவும் இல்லை. வாயைத் திறந்தேன், வந்தது.

"ராகி மாவுங்க. களி கிண்டறதுக்குங்க. என்ற கொழுந்தியா கேட்டாங்க, கிள்ளான்ல இருக்கறாங்க. நாங்க டூரிஸ்ட்டே இல்லீங்க. அக்காளும் தங்கச்சியும் பாத்துப் பதினெட்டு வருசமாச்சுங்க. சொந்தம்னு சொன்னா திருப்பி அனுப்பிருவீங்கன்னு நஞ்சுண்டப்பா சொன்னாருங்க, அவரு துபாய் போனவருங்க. நான் டைல்ஸ் ஒட்டறவனுங்க, இங்க ஒட்ட வரலீங்க, எனக்கு அங்கயே ரெண்டு ஊட்டு வேல பாக்கி கெடக்குதுங்க. உங்க தரை ரொம்ப நல்லா இருக்குதுங்க. இந்தச் சட்டகூட நான் போடற சட்ட இல்லீங்க..."

நிறுத்தத் தெரியவில்லை. கட்டையின் நீளத்தைக் கையால் அளந்து காட்டினேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் சிந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"போதும் ஐயா, போதும்," என்றாள் அதிகாரி. "பின்னால லைன் நிக்குது."

5

அவள் எங்களைத் திட்டவில்லை. அந்த ஊர் வழக்கப்படி ஒரு "லா" சேர்த்துப் பேசினாள். "சொந்தக்காரங்கள பாக்க வர்றது தப்பே இல்லலா. ஆனா அம்மா ஓட்டல்னு சொன்னாங்க, நீங்க வீடுன்னு சொல்றீங்க, நடுவுல சேலைக்குள்ள மாவு வேற. கேக்காம நான் எப்படி விடுறது? அங்க உக்காருங்க," என்று ஓரத்தில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். பாஸ்போர்ட்டுகள் அவளிடமே இருந்தன.

பெஞ்சில் உட்கார்ந்ததும் பூங்கொடிக்குப் பேச்சு திரும்பியது.

"சொந்தக்காரங்களப் பாக்க வரலாமாமா?"

"வரலாமாம்."

"அந்த நஞ்சுண்டப்பன் கடையில இனிமேலு ஒரு பொட்டலம் பசை வாங்குனீங்கன்னா பாருங்க."

பிறகு வெளியே போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கோமதி வந்து நின்றிருப்பாள். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் இருந்ததில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நான் கொட்டியதால்தான் இவள் தங்கையைப் பார்க்காமல் திரும்பப் போகிறாளோ என்று அதன் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஒரு மூத்த அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் மலாய்க்காரர். அவர் மலாயில் சொல்ல, அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"உங்க தங்கச்சி நம்பர் கொடுங்கம்மா. ஒரு போன் போட்டுக் கேட்டுடுவோம். ஆமா எங்க அக்காதான்னு அவங்க சொல்லிட்டா முடிஞ்சுது, நீங்க போகலாம்."

எனக்கு உயிர் வந்தது. பூங்கொடிக்குப் போய்விட்டது. நம்பரைச் சொன்னவள், என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். இந்தத் தடவை கன்னடத்தில் ரகசியம் சொன்னாள். விஷயம் இதுதான்: கிளம்பும்போது அவள் கோமதிக்கும் போனில் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஏர்போர்ட்டில் இருந்து யார் கேட்டாலும் எங்களைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடு. என்ன ஆனாலும் ஒத்துக்கொள்ளாதே. என்மேல் சத்தியம்.

நான் அதிகாரியிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"வணக்கம். ஏர்போர்ட்லேருந்து பேசுறோம். நீங்க கோமதியா?"

"ஆமாங்க."

"உங்க அக்கா பூங்கொடி இந்தியாவுலேருந்து..."

"எனக்கு அக்காவே இல்லீங்க."

அதிகாரி எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

"மைசூர்லேருந்து வந்துருக்காங்கம்மா."

"மைசூரு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் ஒத்தப் புள்ளைங்க."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஊட்டுலதானுங்க இருக்கறேன்."

அப்போது எங்கள் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் ஏதோ விமானத்தைப் பற்றி அறிவிப்பு வந்தது. அதே அறிவிப்பு, அதே குரல், கோமதியின் போனிலிருந்தும் வந்தது. அதிகாரி ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். மலாய்க்கார அதிகாரிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் இது புரிந்தது. மீசையைத் தடவுகிற மாதிரி வாயை மறைத்துக்கொண்டார்.

பூங்கொடியால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"கோமதி, நாந்தான் பேசறேன். பரவால்ல, சொல்லிருடி."

நடுங்குகிற குரலில், "நீங்க யாருங்க? எனக்கு அக்கா இல்லீங்க" என்று வந்தது. அக்கா தன்னைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்திருக்கிறாள் பாவம். என்ன ஆனாலும் ஒத்துக்கொள்ளாதே என்பதுதானே பாடம்.

பூங்கொடி மூச்சை இழுத்தாள். "அடியே! பள்ளிக்கூடம் போகப் பயந்துக்கிட்டு, பட்டுப்புழு வெச்சிருந்த தட்டுக்கடியில போய் ஒளிஞ்சுக்கிட்டு, தட்டத் தலைமேல கவுத்துக்கிட்டு, கொள்ளேகாலே கேக்கற மாதிரி கத்துனியே, அப்ப உன்ற தலையில இருந்து ஒவ்வொரு புழுவா எடுத்துப் போட்டது யாருடி? ஒனக்கு அக்கா இல்லீன்னா அத்தன புழுவும் தானா எறங்கிப் போச்சா?"

பாஸ்போர்ட் வரிசையில் நின்ற தமிழர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் ஒரு கேவல் கேட்டது. "அக்காவ்... மாட்டிக்கிட்டியா?" பிறகு உடனே, கோபமாக, "புழு சமாச்சாரத்த யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னியேக்கா!"

அந்தப் பெண் அதிகாரி போனை மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. மூத்தவர் என்னவென்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள், புழுவுக்கு வந்தபோது சொல்ல முடியாமல் விரலைத் தலைமேல் ஊரவிட்டுக் காட்டினாள். அவரும் சிரித்தார். சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

அவள் முத்திரை குத்தி இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினாள். "கஸ்டம்ஸ்ல மாவு இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க ஐயா, அவங்க பாத்துட்டு விடுவாங்க. பசியாறிட்டீங்களா ரெண்டு பேரும்?"

இன்னும் சாப்பிடவில்லை என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாமல் வாயை மூடிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கஸ்டம்ஸில் நானே போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அங்கே இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. கட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, எதற்கு என்று புருவத்தைத் தூக்கினார். நான் இல்லாத பானையைக் காலால் இடுக்கிக்கொண்டு, இல்லாத களியை ஆசைதீரக் கிண்டிக் காட்டினேன். சிந்து எங்களோடு வராதவள் மாதிரி நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

6

வெளியே ஏகப்பட்ட கூட்டம். பூங்கொடி ஓட்டமும் நடையுமாகப் போய் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கோமதியைத் தாண்டியே போய்விட்டாள். போனில் பார்த்ததெல்லாம் முகம் மட்டும்தான். அவள் இத்தனை மெலிந்து போனதும், பின்னந்தலை பாதி நரைத்ததும் போனில் தெரிந்ததில்லை. சிந்துதான் "சிக்கம்மா!" என்று கூப்பிட்டாள். சித்தி என்று நாங்கள் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அவசரத்துக்குக் கன்னடம்தான் வந்தது. கோமதிக்குப் பக்கத்தில் அவளைவிட ஒரு முழம் உயரமாக அவள் மகன் நின்றிருந்தான். அவன் சிந்துவிடம் தமிழில் ஏதோ ஆரம்பித்தான், இவள் கன்னடம் கலந்து பதில் சொன்னாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள்.

பூங்கொடி திரும்பி வந்து தங்கை முன்னால் நின்றாள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்து நான் கொஞ்சம் விலகி நின்றேன்.

"எனக்கு அக்காவே இல்லீன்னு எப்பிடிடி சொன்னே? எப்பிடி வாய் வந்துச்சு ஒனக்கு?"

"நீதானக்கா சொல்லச் சொன்னே!"

"நான் சொன்னா அப்பிடியே கேட்டுருவியா? இத்தன தூரத்துல கட்டிக்காதேன்னு தலகீழா நின்னு சொன்னேனே, அதக் கேட்டியா? இத மட்டும் கேட்டயாக்கும்!"

கோமதி அக்காவின் தோளில் இருந்த பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டப் போனாள். பூங்கொடி விடவில்லை. கார் நிற்கும் இடம் வரை ஆளுக்கொரு வாரைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே நடந்தார்கள். கார் கதவைத் திறந்த பிறகும் இருவரும் பையை விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு பின் சீட்டில் ஒன்றாக ஏறினார்கள்.